நிதி கேட்டுப் போன மூன்று நாள்: திருப்பத்தூரிலிருந்து பீன்யா வரை

மாவட்டங்களில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்காகச் சின்னச் சங்கம் நடத்துகிறவர்கள், நிதி கேட்டு என்றைக்காவது ஒரு நாள் பெங்களூருக்குப் போக வேண்டி வரும். நிதி தருகிற அறக்கட்டளைகள் பலவும் அங்கேதான் அலுவலகம் வைத்திருக்கின்றன. எப்படிப் போனீர்கள், எங்கே தங்கினீர்கள், உள்ளே என்ன கேட்டார்கள் என்று இரண்டு மாதமாகப் போனில் விசாரிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பத்தொன்பது வருடமாக எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறேன். திருப்பத்தூரில் எங்கள் சங்கத்தில் ஒரு காலத்தில் ஐந்து பேர் வேலை செய்தோம். பழைய திட்டம் முடிந்து சம்பளம் நின்றபின் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசியாகப் பொங்கலுக்கு முன் விஜயாவும் ஓசூரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இப்போது அலுவலகத்தைத் திறப்பதும் நான்தான், பூட்டுவதும் நான்தான். இதற்கு முன் நான்கு முறை பெங்களூர் போயிருக்கிறேன், நான்கு முறையும் விஜயாவோடு. தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. பிப்ரவரி முதல் வாரம், வியாழன் முதல் சனி வரை.

நாங்கள் கேட்டது பெரிய விஷயமில்லை. எங்கள் பகுதியிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் போகிறவர்களைப் போய்ப் பார்க்க ஒரு களப்பணியாளர், நான் அவ்வப்போது போய்வர வழிச்செலவு, அவ்வளவுதான். மருந்து அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. தினமும் போட்டால் நன்றாக இருக்கலாம், துணைக்கும் தொற்றாது. நிறுத்தினால்தான் ஆபத்து. எங்கள் மருந்து மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டுப் பெங்களூரில் இருப்பவர்கள் என்று என் நோட்டில் பதினோரு பெயர் இருந்தது. அங்கே மருந்து வாங்குகிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

வியாழன்

திருப்பத்தூரிலிருந்து ஜோலார்பேட்டை ஜங்ஷன் ஒன்பது கிலோமீட்டர். காலை 5.15 டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஸ்டேஷனில் 6.20 வண்டி. முன்பதிவில்லாப் பெட்டிக்கு எழுபது ரூபாய். ஆறு மணிக்குள் போய்விட்டால் ஜன்னலோரம் கிடைக்கும். குப்பம் வரை காலியாக இருந்தது. பங்காருப்பேட்டையில் வேலைக்குப் போகிறவர்கள் ஏறினால் நிற்கவும் இடமிருக்காது. எதிர் இருக்கையில் இருந்த அம்மா, "எதுக்கு பெங்களூர்?" என்று கேட்டார். "ஆபீஸ் விஷயமா" என்றேன். என்ன ஆபீஸ் என்று கேட்டார். "பெண்கள் சங்கம்" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. முழுப் பொய் இல்லை. ஆனால் விஜயா இருந்தால் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அவள்தான் பதில் சொல்வாள், நான் வெளியே பார்த்துக்கொண்டு வருவேன்.

9.25க்கு பெங்களூர் சிட்டி ஸ்டேஷன். சுமார் நூற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர். மெஜஸ்டிக் பக்கம் இறங்காமல் பின்வாசல் வழியாக வெளியே வாருங்கள். மெட்ரோ அங்கேயே இருக்கிறது, ஒக்கலிபுரமும் நடந்துபோகிற தூரம்தான். அங்கே ஒரு லாட்ஜில் ஒரு நாளைக்கு 850 ரூபாய்க்கு அறை எடுத்தேன். தனியாக வரும் பெண் என்றால் ஆதாரை இரண்டு தடவை பார்க்கிறார்கள். கோபப்படாதீர்கள். இன்னொன்று, கர்நாடகாவிலும் பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம்தான், ஆனால் அந்த மாநில முகவரி இருக்க வேண்டும். நம் ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் சிரித்துவிட்டு டிக்கெட் கிழிப்பார்.

அறக்கட்டளையில் நேர்காணல் 2.30க்கு, எம்.ஜி. ரோடு பக்கம். சிட்டி ஸ்டேஷனிலிருந்து மெட்ரோவில் கால் மணி நேரம்கூட ஆகாது, முப்பது ரூபாய். மூன்றாவது மாடி, கண்ணாடிக் கதவு. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஷாலினி என்ற அதிகாரிதான் பெரும்பாலும் பேசினார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் நன்றாக வந்தது. பத்து நிமிடம் மரியாதையாக விசாரித்தபின் கேட்டார்.

"ஐந்து வருஷத்துல உங்க சங்கம் சொந்தக் கால்ல நிக்குமா?"

"நிக்காது மேடம்," என்றேன். "எங்ககிட்ட வர்றவங்க கூலி வேலை செய்யறவங்க. அவங்ககிட்ட சந்தா வாங்கி சம்பளம் கொடுக்க முடியாது."

எழுதிக்கொண்டார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, ஷாலினி தமிழில் கேட்டார்: "பெங்களூர்ல எத்தனையோ பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. மருந்தும் ஃப்ரீ. அவங்களே நேரா போய் வாங்கிக்கலாமே. நடுவுல ஒரு ஆள் எதுக்கு?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் வாயில் வந்ததெல்லாம் பொதுவாக இருந்தது. பயம், கூச்சம், லீவு கிடைக்காது. நானே கேட்டாலும் நம்பியிருக்க மாட்டேன். அவர் தலையசைத்துவிட்டு, "திங்கட்கிழமைக்குள்ள ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க. அந்த ஆள் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வார்னு மட்டும் போதும்," என்றார்.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும்போது, நன்கொடையாளர்களுக்குக் காட்ட இரண்டு நிமிட வீடியோ தர முடியுமா என்று கேட்டார்கள். மறுத்தால் நிதி போய்விடும் என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். எப்போது தெரிந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள், கணவர் எப்படி இறந்தார் என்று சொல்லி முடித்தேன். கேமரா வைத்திருந்தவர், "மேடம், ஏ.சி. சத்தம் வந்துடுச்சு. ஹஸ்பண்ட் இறந்தது மட்டும் இன்னொரு வாட்டி சொல்றீங்களா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். ஏ.சி.யை நிறுத்தினார்கள். இன்னொரு தடவை சொன்னேன். முதல் தடவை சொன்ன அதே வார்த்தைகள் அதே வரிசையில் வந்ததுதான் எனக்கு வேதனையாக இருந்தது.

வெளியே வந்தபோது மணி 4.10. எம்.ஜி. ரோடு நடைபாதையில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேர் போனார்கள். விஜயாவுக்குப் போன் செய்தேன். கடையில் கூட்டமாம், அப்புறம் பேசுகிறேன் என்றாள். அறைக்குத் திரும்பி நோட்டை எடுத்தேன்.

வெள்ளி

நோட்டில் இருந்த பதினோரு எண்களில் மூன்றுதான் மணி அடித்தன. இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாவது எண் தினகரனுடையது. (பெயரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) முப்பத்து நாலு வயது, நாட்றம்பள்ளி பக்கம். தொற்று தெரிந்த அன்று மையத்தின் வாசலில் என்னோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவன். மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் பெயின்ட் அடிக்கிற ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்துவிட்டான்.

"தினகரா, திருப்பத்தூர் அக்கா பேசறேன்," என்றேன்.

"ராங் நம்பர்ங்க," என்று வைத்துவிட்டான். குரல் அவனுடையதுதான். ஐந்து நிமிடத்தில் மெசேஜ் வந்தது: "1 மணி சாப்பாடு டைம். செகண்ட் ஸ்டேஜ் வாங்க. ஆள் இருக்காங்க போன் வேணாம்."

மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாற வேண்டும். பீன்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷன் இருபத்தைந்து நிமிடம், ஐம்பது ரூபாய். அங்கிருந்து செகண்ட் ஸ்டேஜ் என்ற பகுதிக்கு ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆட்டோக்காரர் முதலில் கன்னடத்தில் கேட்டார், நான் விழிப்பதைப் பார்த்து, "தமிழா? ஏறுங்கம்மா, அறுவது ரூபா கொடுங்க," என்றார். தெருவெல்லாம் இரும்பு அறுக்கும் சத்தம். மிஷின் எண்ணெய் வாசனை துணியில் ஒட்டிக்கொள்ளும், நல்ல புடவையாக இருந்தால் கட்டிக்கொண்டு போகாதீர்கள்.

1.10க்கு வந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை அவன் மேல் தொங்கியது. கொஞ்சம் நடந்தாலே இருமினான். மூலையில் இருந்த மெஸ்ஸில் சாப்பாடு எழுபது ரூபாய், உட்கார்ந்தோம்.

"மாத்திர போடறியா?"

"நாலு மாசமா இல்லக்கா. அதுக்கு முன்னாடி ஊருக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்து வாங்கினேன்."

சாம்பார் ஊற்றினார்கள். அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். தங்கியிருந்த அறையில் ஆறு பேர். மாத்திரை டப்பா ஆட்டினால் சத்தம் வரும் என்று உள்ளே பஞ்சு வைத்திருக்கிறான். ஒரு நாள் கூட இருந்தவன் தலைவலி மாத்திரை தேடி அவன் பையைத் திறந்து, டப்பாவின் மேல் இருந்த பெயரைப் போனில் அடித்துப் பார்க்கப் போயிருக்கிறான். "சத்து மாத்திரடான்னு பிடுங்கிட்டேன். அன்னிக்கே டப்பாவைக் கொண்டுபோய் சாக்கடையில போட்டேன். ரூமையும் மாத்திட்டேன்."

"இங்க சென்டருக்குப் போனியா?"

"ஒரு தபா போனேன். நம்ம ஊர் சென்டர்ல டிரான்ஸ்ஃபர் ஸ்லிப் வாங்கிட்டு வரச் சொன்னாங்க. ஊருக்கு வந்தா யாருனா பாத்துடுவாங்க. இங்க சென்டர் ஒம்போது மணிக்குத்தான் தொறக்கறாங்க, எனக்கு ஆறு மணி ஷிப்ட். ஞாயித்துக்கிழமை லீவு, அவங்களுக்கும் லீவு. ஒரு நாள் போகாட்டி சூப்பர்வைசர் ஆஸ்பத்திரி சீட்டு கேப்பான். அந்தச் சீட்டுல எந்த டிபார்ட்மென்ட்னு போட்டிருக்கும்ல."

கொஞ்ச நேரம் சாப்பிட்டான். பிறகு, "இத்த நான் வாயால பேசியே ரெண்டு வருஷம் ஆவுதுக்கா," என்றான்.

என் மாத்திரை நேரம் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. பையிலிருந்து எடுத்துத் தண்ணீர் ஊற்றிப் போட்டுக்கொண்டேன். அவன் கை அப்படியே நின்றது. சுற்றிலும் பார்த்தான்.

"இங்கயேவா?"

"யார்ரா பாக்கறா. அவங்கவங்க சோத்தப் பாக்கறாங்க."

எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தான். "நாளைக்கு நீங்க கூட வருவீங்களா?" என்று கேட்டான். வருகிறேன் என்றேன். சாயங்காலம் திரும்பிப் போகலாம் என்று இருந்தவள் லாட்ஜில் இன்னொரு நாள் நீட்டினேன். எங்கள் மையத்தின் ஆலோசகரைப் போனில் பிடித்து நிலைமையைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். மாற்றுச் சீட்டைத் தயார் செய்து நாலரை மணிக்குப் போனில் அனுப்பிவிட்டார். இரண்டு வருடமாக ஒருவன் பயந்துகொண்டிருந்த விஷயம், இரண்டு போனில் முடிந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நோட்டில் மீதி இருந்த பத்துப் பேரும் எங்கே, யாரிடம் வாய் திறக்காமல் இருக்கிறார்களோ என்ற நினைப்புதான் வந்தது.

சனி

மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. காலை 8.40க்கு வாசலில் நின்றேன். அவன் வரமாட்டான் என்றே 9.15 வரை நினைத்தேன். முகத்தில் மாஸ்க்கும் தலையில் தொப்பியுமாக வந்தான். உள்ளே கூட்டம். பலகையெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தன. எந்தக் கவுண்டர் என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, நைலக்ஸ் புடவையில் ஒரு அம்மா பக்கத்தில் வந்தார்.

"புதுசா? தமிழா?" என்றார். "மொதல்ல அஞ்சாம் நம்பர்ல டோக்கன் எடுங்க. இங்க நின்னுகினு இருந்தா மத்தியானம் வரைக்கும் நின்னுகினுதான் இருக்கணும்."

அவர் பெயர் ஃபிலோமினா, ஆஸ்டின் டவுன்காரர், ஐம்பது வயது இருக்கும். எட்டு வருடம் ஒரு சங்கத்தில் களப்பணியாளராக இருந்தவர். நிதி நின்று அந்தச் சங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது வீட்டில் பிளவுஸ் தைக்கிறார். சனிக்கிழமை மட்டும் இங்கே வந்துவிடுவாராம். யாரும் சம்பளம் தருவதில்லை.

"ஏன் வர்றீங்க?" என்று கேட்டேன்.

"எட்டு வருசமா வந்துகினு இருந்தேன். சனிக்கெளம வூட்ல குந்தினா கை ஓட மாட்டேங்குது," என்றார்.

அன்று காலையில் அவர் செய்ததையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தினகரனின் இருமலைக் கேட்டதும் முதலில் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். டாக்டர் கன்னடத்தில் கேட்டதைத் தமிழில் சொன்னார், இவன் தமிழில் சொன்னதைக் கன்னடத்தில் சொன்னார். கம்பெனிக்குக் கொடுக்கும் சீட்டில் பிரிவின் பெயர் இல்லாமல் வெறும் புறநோயாளி என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்கினார், அப்படிக் கேட்கலாம் என்று எனக்கே தெரியாது. மாத்திரையை டப்பாவிலிருந்து மாற்றிக்கொள்ள ஒரு ஜிப் பை கொடுத்தார். மாதம் ஒரு சனிக்கிழமை எத்தனை மணிக்கு வந்தால் கூட்டமில்லாமல் பன்னிரண்டுக்குள் மீதி ஷிப்டுக்குப் போகலாம் என்று சொன்னார். 1.30க்கு எல்லாம் முடிந்தது. பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். அதற்கும் அன்றே மருந்து ஆரம்பித்தார்கள்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் தினகரன் என்னோடு நின்றான். பஸ் வந்ததும், "அக்கா, ஊர்ல யாருகிட்டயும் சொல்லாதீங்க," என்றான். "சொல்ல மாட்டேன்," என்றேன். ஏறிப் போய்விட்டான்.

ஷாலினி கேட்ட ஒரு பக்கத்தை 4.30 ரயிலில் எழுதினேன். புதிதாக எதுவும் யோசிக்கவில்லை. ஃபிலோமினா காலை 9.15இலிருந்து 1.30 வரை செய்ததை வரிசையாக எழுதினேன். கடைசியில், இந்த வேலைக்கு ஒரு ஆள் ஏற்கெனவே இருக்கிறார், அவருக்குச் சம்பளம்தான் இல்லை என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சு செய்து அனுப்பினேன். கூடவே, வீடியோவைப் பயன்படுத்த வேண்டாம் என்று தனியாக ஒரு கடிதமும் அனுப்பினேன். ஷாலினி அன்றே பதில் போட்டார். அழித்துவிட்டதாகவும், முன்பே என்னிடம் சரியாகக் கேட்டிருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. கேட்டதில் பாதி. ஃபிலோமினாவுக்கு ஒரு வருடத்துக்கு அரைநேரச் சம்பளம், பஸ் பாஸ், போன் செலவு. நான் பெங்களூர் போய்வருவதற்குக் கேட்டிருந்ததை வெட்டிவிட்டார்கள். உள்ளூரிலேயே ஆள் இருப்பதால் அது தேவையில்லை என்று எழுதியிருந்தது. நியாயம்தான்.

போகப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நேர்காணல் அன்றைக்கே போய் இறங்காதீர்கள், இரண்டு நாள் முன்னால் போய் உங்கள் ஆட்களில் ஒருவரையாவது நேரில் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். உங்கள் கதையைக் கேட்டால் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், அதற்கும் நிதிக்கும் சம்பந்தமில்லை. தெரியாத ஊரில் மருந்து மையத்தின் வாசலில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பாருங்கள், நீங்கள் தேடுகிற ஆள் சம்பளமில்லாமல் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். மூன்று நாளுக்கு எனக்குச் சாப்பாடு, போக்குவரத்து, அறை எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய்க்குள் முடிந்தது. முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

பதினோரு பேரில் ஃபிலோமினா இதுவரை நாலு பேரைக் கண்டுபிடித்துவிட்டார். ஒருவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தது. மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். தினகரனுக்கு எடை கூடியிருக்கிறதாம். மருந்து வாங்கும் சனிக்கிழமை மதியம் ஃபிலோமினாவிடமிருந்து எனக்கு வாய்ஸ் மெசேஜ் வரும்: "அக்கா, உங்க ஆளு வந்துட்டு போயாச்சு." அவ்வளவுதான் இருக்கும்.

அவன் எனக்குப் போன் செய்வதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் ஃபிலோமினாவிடம்தான் கேட்கிறான். அவன் என்னைத் தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போக வேண்டும் என்றுதான் நிதி கேட்டோம், அதுதான் நடந்திருக்கிறது. அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்பதால், அந்த வாய்ஸ் மெசேஜைச் சத்தமாகவே வைத்துக் கேட்கிறேன்.